திண்ணையில் நடக்கும் சர்க்கார் ஆபீஸ்

கேள்வி-பதில்

கடிதம் கொண்டுவருபவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். ஒரே கவலையைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

கேள்வி: என் அப்பா இருபத்தெட்டு வருடமாகக் கிராமத்தில் கிளை போஸ்ட்மாஸ்டர் (பி.பி.எம்.). ஆபீஸ் நடப்பது எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். ஊரில் எல்லோரும் சர்க்கார் வேலை என்கிறார்கள். ஆனால் பென்ஷன் கிடையாதாம். அப்பா சர்க்கார் ஊழியரா, இல்லையா? இப்போது பேசப்படும் மாற்றங்களால் வேலைக்கு ஆபத்து வருமா?
(ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: சட்டத்தைக் கேட்டால் ‘ஆமாம்’ என்றும் வரும், ‘இல்லை’ என்றும் வரும். அப்பாவின் பிரச்சினையே அதுதான்.

1854 வாக்கில், கிராமத்துக்கென்று முழுநேர ஆள் போட்டால் கட்டுப்படியாகாது என்று வெள்ளைக்கார அரசு ஒரு வழி கண்டது. பள்ளி வாத்தியார், கடைக்காரர், ஸ்டேஷன் மாஸ்டர் என ஏற்கெனவே ஒரு பிழைப்பு உள்ளவரிடம் தபால் வேலையையும் ஒப்படைத்து, சிறு தொகை கொடுப்பது. இப்படி வந்தவர்களுக்கு ‘எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல்’ என்று பெயர். பழைய ஆட்கள் இன்றும் ‘ஈ.டி.’ என்றுதான் சொல்வார்கள். பிறகு பெயர் கிராமின் டாக் சேவக், சுருக்கமாக ஜி.டி.எஸ். என்று மாறியது. ஏற்பாடு மாறவில்லை. தபால் வருமானத்தை மட்டும் நம்பாமல் வேறு வாழ்வாதாரம் இருக்க வேண்டும், கிளை அஞ்சலகத்துக்கு இடத்தை பி.பி.எம்.தான் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் இன்றும் உண்டு. உங்கள் வீட்டுத் திண்ணை அப்படித்தான் அலுவலகம் ஆனது.

1977இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய கதவைத் திறந்தது. கேரளம், ஆந்திரம், ஒரிசாவிலிருந்து வந்த மேல்முறையீடுகளைச் சேர்த்து விசாரித்து, இவர்கள் வகிப்பது ‘சிவில் பதவி’ என்று சொன்னது. அரசியல் சாசனத்தின் 311ஆம் பிரிவு இவர்களுக்கும் பொருந்தும். குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரித்து, பதில் கேட்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த அளவில் அப்பாவின் வேலை, தனியார் கம்பெனி வேலையைவிடக் கெட்டியானது.

அதே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு சம்பளம் கேட்கப் போனால்தான் கதவு பாதியில் நிற்கும். ஜி.டி.எஸ். ஊழியர்கள் சிவில் பதவி வகிப்பவர்கள்தான், ஆனால் வழக்கமான சிவில் பணிக்கு வெளியே இருப்பவர்கள், ஆகவே இலாக்கா ஊழியர்களோடு ஒப்பிட முடியாது என்று ஏழாவது ஊதியக் குழு 2015இல் எழுதிவிட்டது. இவர்களுக்கென்று தனியாகக் கமலேஷ் சந்திரா கமிட்டி போடப்பட்டது. அதன் அறிக்கை 2016இலேயே வந்துவிட்டது. அமல்படுத்தச் சொல்லி 2018 மே 22 முதல் 16 நாள் நாடு முழுவதும் கிராமத் தபால் நின்ற பிறகுதான், ஜூன் 6ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பி.பி.எம்.முக்கு நான்கு மணிநேர வேலை என்றால் மாதம் குறைந்தபட்சம் 12,000 ரூபாய், ஐந்து மணிநேரம் என்றால் 14,500. மற்றவர்களுக்கு 10,000, 12,000. இதற்குமேல் அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் உண்டு. அதைச் சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள். ‘டி.ஆர்.சி.ஏ.’, அதாவது வேலை நேரத்தோடு கட்டிய படி.

2024 மார்ச்சில் வந்த இன்னொரு அறிவிப்பையும் பார்க்க வேண்டும். 12, 24, 36 ஆண்டுகள் முடித்தவர்களுக்கு முறையே ஆண்டுக்கு 4,320, 5,520, 7,200 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு என்பதைக் கவனிக்க. பன்னிரண்டு வருடம் பை சுமந்தவருக்கு மாதம் 360 ரூபாய்.

பென்ஷன் விஷயத்தில் மழுப்ப எதுவும் இல்லை. இலாக்கா ஊழியருக்கு உள்ள சட்டப்படியான பென்ஷன் ஜி.டி.எஸ்.ஸுக்குக் கிடையாது. பணி விடுவிப்புப் பலன் திட்டம் என்ற பெயரில் ஒரு தொகை சேர்கிறது, அவ்வளவே. தேர்வெழுதித் தபால்காரராகப் போனவர்களாவது பழைய ஜி.டி.எஸ். ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடலாமா என்று கேட்டபோது, கந்திபா பெஹரா வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. அப்பாவுக்கு 65 வயதுவரை வேலை உண்டு. அதற்குப் பிறகு என்ன என்பதற்கான ஏற்பாட்டை வீட்டில் இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

ஆபத்தைப் பற்றி: ஒரு காலை உத்தரவு வந்து வேலை போகும் என்று பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது வேறு. படியின் அளவு வேலைப்பளுவைப் பொறுத்தது. வேலைப்பளு கணக்கில் தெரியும் பரிவர்த்தனையைப் பொறுத்தது. சாதாரண ஊரில் ஒரு கிளை அஞ்சலகம் தொடங்க, செலவில் மூன்றில் ஒரு பங்காவது வருமானமாக வர வேண்டும் என்பது பழைய விதி. மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு 15 சதவீதம் போதும். இந்தக் கணக்குக் கத்தி எப்போதும் தலைக்குமேல் தொங்கும். அடுத்த கேள்வி அங்கிருந்துதான் முளைக்கிறது.

கேள்வி: மாதம் ஒரு மேளா வைக்கிறார்கள். இத்தனை கணக்கு, இத்தனை பாலிசி என்று வாட்ஸ்அப் குழுவில் டார்கெட். எட்டாதவர் பெயர் சிவப்பில் வரும். ஆள் கிடைக்காமல் என் கைக்காசைப் போட்டுச் சில ஆர்.டி. கணக்குகள் தொடங்கியிருக்கிறேன். தவறா?
(ஒரு கிராம அஞ்சல் ஊழியர், பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: தவறுதான். யார் சொல்லி நடந்தாலும், மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டும் என்பதால் இன்னும் பெரிய தவறு.

எப்படி மாட்டும் என்று பாருங்கள். கைக்காசில் தொடங்கிய கணக்கின் பாஸ்புக் ஊர்க்காரர் கையில் இருக்காது, உங்கள் மேஜை டிராயரில் இருக்கும். ஆய்வாளர் திடீரென்று வந்து டிராயரைத் திறப்பார். பாஸ்புக்கை வாங்கி வைத்ததற்கு எஸ்.பி.-28 ரசீது எங்கே என்பார். இருக்காது. அடுத்து ரொக்கத்தை எண்ணுவார். உங்கள் காசும் ஆபீஸ் காசும் கலந்திருந்தால் கூடினாலும் பதில் சொல்ல வேண்டும், குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். அங்கேயே ‘புட்-ஆஃப்’, அதாவது வேலையிலிருந்து நிறுத்திவைப்பு. இலாக்கா ஊழியருக்கு சஸ்பென்ஷன் என்றால் பாதிச் சம்பளத்துக்கு இணையான பிழைப்புப் படி வரும். உங்களுக்குத் தொடக்கத்தில் அதைவிடக் குறைவுதான். மேளா நடத்தச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி விசாரணைக் கோப்பில் இருக்காது.

டார்கெட் எட்டவில்லை என்பதற்காகவே தண்டிக்க முடியுமா? நேரடியாக அப்படி எழுத மாட்டார்கள். நாணயமும் கடமையில் ஈடுபாடும் வேண்டும் என்று நடத்தை விதியில் ஒரு வாசகம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் அதற்குள் அடக்கிவிடலாம். எனவே செய்ய வேண்டியது: இனி கைக்காசு போடாதீர்கள். டிராயரில் இருக்கும் பாஸ்புக்குகளை உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். வாய்மொழி உத்தரவு வந்தால், “இன்ன தேதியில் இன்னது செய்யச் சொன்னீர்கள், எங்கள் ஊரில் மக்கள்தொகை இவ்வளவு, ஏற்கெனவே கணக்கு உள்ளவர்கள் இவ்வளவு” என்று பணிவாக ஒரு தாளில் எழுதி, நகல் வைத்துக்கொண்டு மேலே அனுப்புங்கள். குறிப்பாணை வந்தால் மட்டும், சங்கத்துக்காரரிடமோ வக்கீலிடமோ காட்டாமல் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதீர்கள். “தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்” என்று பயத்தில் எழுதிய கடிதமே குற்ற ஒப்புதலாகிக் கதையை முடித்துவிடும்.

மேலே இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். கோட்டக் கண்காணிப்பாளருக்கு வட்டத்திலிருந்து ஒரு டார்கெட் வருகிறது, அவர் உபகோட்ட ஆய்வாளரிடம் தள்ளுகிறார், ஆய்வாளர் உங்களிடம். நான்கு மணிநேர வேலைக்குப் படி வாங்குபவர் தலையில் வந்து அது இறங்குகிறது. 2017 கடைசியில் தொடங்கி தர்பண் திட்டத்தில் கையடக்கக் கருவி கொடுத்தார்கள். வேலை எளிதாகும் என்றார்கள். சிக்னலுக்காகக் கருவியை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்துக் காத்திருக்கும் நேரம் எந்த வேலைப்பளுக் கணக்கிலும் ஏறுவதில்லை. வயலில் தேய்ந்துபோன பாட்டியின் கட்டைவிரலைக் கருவி ஏற்க மறுக்கும்போது, விரலைப் புடவையில் துடைத்து, தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி நான்காவது முறை வைக்கச் சொல்கிறீர்களே, அந்தக் கால் மணிநேரமும்தான்.

கேள்வி: புதிய அஞ்சல் சட்டம் என்பது தனியார்மயத்துக்குப் பின்வாசல் என்கிறார்கள். உண்மையா?
(ஒரு ஓய்வுபெற்ற அஞ்சல் எழுத்தர், மதுரை)

பதில்: பாதி உண்மை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடிதம் கொண்டுசெல்லும் ஏகபோக உரிமை அரசுக்கு இருந்தது. கூரியர்காரர்கள் அதைச் சமாளிக்கக் கடிதத்தை ‘டாக்குமென்ட்’ என்று எழுதியே காலம் தள்ளினார்கள். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தில் அந்த ஏகபோகம் இல்லை. நடைமுறையில் செத்துவிட்ட உரிமையைத்தான் சட்டம் புதைத்தது என்று அரசுத் தரப்பு சொல்லலாம். தபாலை விற்றுவிட அதில் எந்தப் பிரிவும் இல்லை. அஞ்சல் துறை இன்னும் மத்திய அரசின் துறைதான்.

ஆனால் தொழிற்சங்கங்களின் பயம் காற்றிலிருந்து வந்ததல்ல. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தலைமையிலான பணிக்குழு 2014இலேயே ஒரு திட்டம் கொடுத்தது: மேலே ஒரு தாய் நிறுவனம், கீழே தனித்தனிக் கம்பெனிகள், வங்கிக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று என்று. முழுதாக நடக்கவில்லை. தனிக் கம்பெனியாக உருவான அஞ்சல் வங்கி மட்டும் 2018 செப்டம்பர் 1இல் நாடெங்கும் வந்தது. இன்று கிராமத் திண்ணையில் அந்த வங்கியின் வேலையைச் செய்வது யார்? அதே டாக் சேவக். அவர் துறையின் ஆள், வங்கியின் ஊழியர் அல்ல. வங்கி வேலைக்குக் கமிஷன்தான். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், ஒன்றரை லட்சம் கிராம அஞ்சலகங்களையும் 2.4 லட்சம் டாக் சேவக்குகளையும் கொண்ட அஞ்சல் துறை பெரிய பொதுத்துறை சரக்குப் போக்குவரத்து அமைப்பாக மாற்றப்படும் என்று நிதியமைச்சர் சொன்னார். 2.4 லட்சம் பேரை நம்பித் திட்டம் போடும் அரசு, அவர்களில் ஒருவரையும் வழக்கமான ஊழியர் என்று ஏற்கத் தயாராக இல்லை.

நஷ்டக் கணக்கையும் ஒதுக்கிவிட முடியாது. 2018-19இல் மட்டும் பற்றாக்குறை சுமார் 15,000 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. அஞ்சலட்டை விலை 50 பைசா. அந்த விலையில் அட்டையை விற்கச் சொல்லிவிட்டு லாபம் எங்கே என்று கேட்பது, அன்னதானத்தில் கல்லாவைத் தேடுவது போல.

கேள்வி: நகரத்தில் தபால்காரராக இருக்கிறேன். பட்டுவாடாவை மட்டும் தனி மையத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் என்ன செய்வது?
(ஒரு தபால்காரர், சேலம்)

பதில்: பல அஞ்சலகங்களின் பட்டுவாடாவைச் சேர்த்து ஒரே கூரையின்கீழ் வைத்து, மோட்டார் வண்டியில் அனுப்பும் ஏற்பாடு அது. பார்சல் பெருகும் நகரத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது. சைக்கிள் கேரியரில் மிக்சி பெட்டியைக் கட்டிக்கொண்டு போக முடியாது. நியாயமில்லாதது, மாற்றத்தின் செலவை ஊழியரின் சட்டைப்பையிலிருந்து எடுப்பது. மையத்துக்குப் போகும் கூடுதல் தூரம், பெட்ரோல், வண்டித் தேய்மானம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். பீட்டுகளை, அதாவது பட்டுவாடாச் சுற்றுகளைப் புதிதாகப் பிரிக்கும்போது வரைபடத்தில் கிலோமீட்டர் தெரியும். லிஃப்ட் இல்லாத நான்காவது மாடி தெரியாது. ஓ.டி.பி. சொல்லத் தெரியாமல் மகனுக்கு போன் போடும் பெரியவருக்காக வாசலில் நிற்கும் நேரமும் தெரியாது. பழைய பீட்டை நடந்து பழகியவர்களை வைத்து ஒரு வாரம் நேரத்தைக் குறித்து, அந்தத் தாளோடு பேச்சுவார்த்தைக்குப் போங்கள்.

கேள்வி: பதிவுத் தபாலை நிறுத்திவிட்டார்களா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: தனிச் சேவையாக 2025 செப்டம்பர் 1 முதல் இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். உரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டுமென்றால் ஸ்பீட் போஸ்ட்டிலேயே கூடுதல் கட்டணம் கட்டிப் ‘பதிவு’ கேட்கலாம். கேட்க வேண்டும், கேட்காவிட்டால் சாதாரண ஸ்பீட் போஸ்ட்டாகத்தான் போகும்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் அங்கீகாரத்தையே ரத்து செய்தார்களே, இனி யாரிடம் முறையிடுவது?
(ஒரு அஞ்சல் உதவியாளர், கோவை)

பதில்: 2023 ஏப்ரலில் தேசிய அஞ்சல் ஊழியர் சம்மேளனத்தின் (என்.எஃப்.பி.இ.) அங்கீகாரமும், அதைச் சேர்ந்த ‘குரூப் சி’ ஊழியர் சங்கத்தின் அங்கீகாரமும் திரும்பப் பெறப்பட்டன. விவசாயிகள் போராட்டம் உள்ளிட்டவற்றுக்கு நிதி கொடுத்தது 1993ஆம் ஆண்டு அங்கீகார விதிகளுக்கு விரோதம் என்பது துறை சொன்ன காரணம். 1954இல் உருவான சம்மேளனம் அது. அங்கீகாரம் போவது வேறு, சங்கம் போவது வேறு. பேச்சுவார்த்தை மேஜையும் சங்கச் சலுகைகளும் போகும். உறுப்பினராக இருக்கும் உரிமை போகாது. தனிப்பட்ட குறைக்கு மேல்முறையீடும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயமும் எப்போதும் போலத் திறந்தே இருக்கின்றன. சென்னையில் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

கேள்வி: டென்மார்க்கில் தபாலே நின்றுவிட்டதாமே? நமக்கும் அதே கதிதானா?
(ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: அங்கே போஸ்ட்நோர்ட் என்ற அரசு நிறுவனம் 2025 டிசம்பர் 30ஆம் தேதியோடு கடிதப் பட்டுவாடாவை முடித்துக்கொண்டது, 1624இல் தொடங்கிய சேவை. 2000க்குப் பிறகு அந்நாட்டில் கடிதங்கள் 90 சதவீதத்துக்குமேல் குறைந்துவிட்டன. 1,500 வேலைகள் குறைக்கப்படும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், 1,500 தபால் பெட்டிகளையும் பெயர்த்தார்கள். கடிதம் எழுதுவோருக்கு டாவோ என்ற தனியார் கம்பெனி இருக்கிறது.

நம் கிளை அஞ்சலகம் கடிதத்தை நம்பி நிற்பதல்ல. சேமிப்புக் கணக்கு, செல்வமகள் சேமிப்புத் திட்டம், கிராம அஞ்சல் காப்பீடு, ஆதார் வழிப் பணம் எடுத்தல் என்று வேலை எப்போதோ இடம் மாறிவிட்டது. கடிதமே இல்லாத நாளிலும் திருவாரூர்த் திண்ணையில் மாலை பையைக் கட்டி, சீல் வைத்து, அன்றைய கணக்கோடு அனுப்பியாக வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரமாக அரக்கு உருக்குவது யாருடைய வேலை என்றால், முதல் கேள்வி கேட்டவரின் அப்பாவுடையது.