பம்பிங் எத்தனை?

எக்கோ முடிந்து நெஞ்சில் தடவிய ஜெல்லைத் துடைக்கும்போதே பெரும்பாலும் எல்லாரும் கேட்டுவிடுவார்கள்: "பம்பிங் எத்தனை சார்?" 60 சதவீதம் என்று சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும். மீதி 40 பழுதாகிப்போனது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிரம்பிய ரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியே தள்ளும் இதயம் யாருக்கும் கிடையாது. சுமார் 55 முதல் 70 வரை இருந்தால் அது நார்மலான எண்தான்.

பல வருடங்களாக எக்கோ டெக்னீஷியனாக இருக்கிறேன். அந்த எண்ணை நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள் என்று வருகிறவர்களிடம் விடாமல் சொல்லிவருகிறேன்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, விலா இடுக்கில் ப்ரோபை வைத்து, நான்கு அறைகளும் தெரிகிற மாதிரி ஒரு படமும் இடப்பக்க அறைகள் இரண்டும் தெரிகிற மாதிரி இன்னொரு படமும் எடுப்போம். இடது கீழறை முழுக்க நிரம்பிய நொடியில் படத்தை நிறுத்தி அதன் உள்விளிம்பைக் கையால் வரையவேண்டும். முழுக்கச் சுருங்கிய நொடியில் மறுபடியும் வரையவேண்டும். அந்த வடிவத்தை மெஷின் மெல்லிய வில்லைகளாக அடுக்கிக் கொள்ளளவைக் கணக்குப் போடும். இதுதான் சிம்ப்சன் முறை. உடல் பருத்தவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் விளிம்பு மங்கலாகத் தெரியும். ப்ரோப் ஒரு இடுக்கு மேலே ஏறிவிட்டால் இதயத்தின் நுனி படத்தில் விழாது, அறை குட்டையாகிவிடும். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு ஒரு துடிப்பை மட்டும் அளந்தால் போதாது, ஐந்தையாவது அளந்து சராசரி எடுக்கவேண்டும். அதனால் காலையில் ஒருவர் கையில் 52 வந்தது மாலையில் இன்னொருவர் கையில் 46 வந்தால், இதயம் அதற்குள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சில மருந்து ஆய்வுகளில் எல்லா ஊர்ப் படங்களையும் ஒரே கோர் லேபுக்கு அனுப்பி, யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாதவர்களை அளக்கவைப்பதும் இதற்காகத்தான். உங்களால் முடிந்தது, முடிந்தவரை ஒரே இடத்தில் எக்கோ எடுத்துக்கொள்வதும் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவருவதும். பழைய ரிப்போர்ட் இல்லாமல் வருபவரைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது நல்ல எண்தான். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. பல வருட பிரஷர், சர்க்கரை. "படுத்தா மூச்சு முட்டுது தம்பி, ரெண்டு தலகாணி வச்சு உக்காந்தாத்தான் தேவலை. குனிஞ்சு கோலம் போட முடியல" என்றார். கையில் இருந்த ரிப்போர்ட்டுகள் எல்லாமே நார்மல், பம்பிங் 62. வயசாகிவிட்டது, உடம்பைக் குறைக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 120 மில்லி நிரம்பும் இதயம் 60 சதவீதம் தள்ளினால் 72 மில்லி வெளியே போகும். சுவர் தடித்து விறைத்து 70 மில்லிதான் நிரம்புகிறது என்றால், அதே 60 சதவீதத்துக்கு 42 மில்லிதான். இரண்டுக்கும் ரிப்போர்ட்டில் எண் ஒன்றுதான். விறைத்த அறைக்குள் ரத்தத்தை நிரப்ப மேலறை அழுத்தம் கூடவேண்டியிருக்கும். அந்த அழுத்தம் நுரையீரல்வரை திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது. அந்த அம்மாவுக்கு இடது மேலறை நன்றாகவே வீங்கியிருந்தது. நிரம்பும் அழுத்தத்தைக் காட்டும் 'ஈ பை ஈ பிரைம்' அளவு 14ஐத் தாண்டியிருந்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இப்படி பம்பிங் 50க்குக் குறையாதவர்கள்தான்.

சந்தேகம் இருந்தால் என்டி-புரோபிஎன்பி ரத்தப் பரிசோதனை உதவும். வெளிநோயாளிக்கு 125க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்பு குறைவு; மூச்சுத்திணறலோடு அவசரமாக வந்தவருக்கு அந்த எல்லை 300. ஆனால் உடல் பருமன் இருந்தால் இந்த அளவு குறைவாகக் காட்டும். வயது, சிறுநீரகக் கோளாறு, தாறுமாறான துடிப்பு ஆகியவை உயர்த்திக் காட்டும். இதயச் செயலிழப்புக்காக சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு பிஎன்பி என்ற இன்னொரு பரிசோதனையைவிட என்டி-புரோபிஎன்பிதான் நம்பகமானது. எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை லேபிலும் சொல்லுங்கள்.

பம்பிங் குறையாத இந்த வகையைக் கண்டுபிடித்தாலும் கொடுக்க மருந்தில்லை என்ற நிலை வெகுகாலம் இருந்தது. சர்க்கரைக்காக வந்த மாத்திரைகளான எம்பாகிளிஃப்ளோசினை வைத்து 2021இலும் டாபாகிளிஃப்ளோசினை வைத்து 2022இலும் நடந்த பெரிய ஆய்வுகளில், பம்பிங் நன்றாக உள்ளவர்களும் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது குறைந்தது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. ஆகவே ரிப்போர்ட்டில் பம்பிங் நார்மல் என்று இருந்தும் மூச்சு வாங்குகிறது என்றால், "இடது மேலறை எவ்வளவு இருக்கு, சுவர் தடிச்சிருக்கா, நிரம்புற அழுத்தம் கூடியிருக்கா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், எத்தனையாவது படியில் நிற்கவேண்டியிருக்கிறது, நாலைந்து நாளில் எடை எவ்வளவு கூடியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.