பொம்மைச் சிப்பாய் விற்கலாமா?

பெருநாளைக்குச் சில நாட்களுக்கு முன்னர் வேலணையிலிருந்து ஒரு சகோதரர் தொலைபேசியில் பேசினார். புத்தளத்தில் வளர்ந்து, மீண்டும் வடக்குக்குத் திரும்பி, வீதியோரம் சிறு கடையொன்றை நடத்துபவர். புறக்கோட்டையில் சரக்கு எடுத்தபோது பச்சை நிற பிளாஸ்டிக் சிப்பாய்கள் அடங்கிய பொதிகளையும் எடுத்து வந்திருக்கிறார். ஒவ்வொரு பொதியிலும் துப்பாக்கி நீட்டிய சிப்பாய்கள், ஒரு யுத்த தாங்கி, இரண்டு முள்வேலித் துண்டுகள். நயினாதீவு யாத்திரைக்காகக் குறிகட்டுவான் நோக்கிச் செல்லும் பஸ்கள் அவ்வழியேதான் போகின்றன. குடிக்க ஏதாவது வாங்க இறங்கும் தென்னிலங்கைக் குடும்பங்களின் பிள்ளைகள் அப்பொதியை விரும்பிக் கேட்டார்களாம்.

மூன்றாம் நாள் அயல்வீட்டு வயோதிப அம்மா ஒருவர் சீனி வாங்க வந்திருக்கிறார். கொளுவியில் தொங்கிய பொதியைப் பார்த்தவர், “உதையேன் தம்பி இஞ்சை கொண்டுவந்து தூக்கி வைச்சிருக்கிறீர்?” என்று கேட்டிருக்கிறார். சீனியை வாங்காமலே போய்விட்டார்.

“நாநா, விளையாட்டுச் சாமான்தானே, இதில் என்ன பிழை?” என்பது சகோதரரின் கேள்வி. இவ்வாரப் பத்தியை அதற்கென்றே ஒதுக்குகிறோம். ஏனெனில் இது ஒரு கடையின் பிரச்சினை மட்டுமல்ல. பெருநாள் சரக்கு எடுக்கும் நமது சகோதரர்கள் பலரும் விலையைப் பார்க்கிறார்கள், இலாபத்தைப் பார்க்கிறார்கள். வாங்கப் போகிறவரின் கண்ணால் பொருளைப் பார்ப்பதில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பொம்மைச் சிப்பாய் என்பது உலகில் சிறுவர் வியாபாரம் மட்டுமல்ல. பெரியவர்களின் சேகரிப்பு வியாபாரமும் ஆகும். லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 இல் ஈயத்தை உள்ளீடற்ற முறையில் வார்த்துச் சிப்பாய்களைச் செய்யத் தொடங்கியது. உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் இறுகியவுடன் உள்ளே எஞ்சியதை வெளியே கொட்டிவிடுவார்கள். ஈயமும் மிச்சம், எடையும் குறைவு. அதனால் விலை குறைந்தது. அதுவரை சந்தையைப் பிடித்திருந்த ஜேர்மன் பொம்மைகளுக்குப் போட்டி வந்தது. நல்ல வியாபார மூளை! ஈயம் பிள்ளைகளுக்கு நஞ்சு என்பதால் 1966 உடன் அந்த உற்பத்தி நின்றது. இன்று அப்பழைய உருவங்களை வாங்குபவர்கள் நரைத்த தலையினர். அசல் வர்ணமும் அசல் பெட்டியும் இருந்தால் ஒரு விலை, புதிதாக வர்ணம் பூசியிருந்தால் அதைவிடக் குறைந்த விலை. (வீட்டில் அப்படியான பழையது ஏதும் இருந்தால் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.)

உருவங்களைச் சேகரித்து வீட்டில் அடுக்கி வைப்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும். சிறுவர் விளையாட்டுக்கு இடமளிக்கும் கருத்தும் பெரியவர்களின் அலங்காரத்தை ஏற்காத கருத்தும் உண்டு. இது வியாபாரப் பத்தி என்பதால் அதற்குள் நாம் நுழையவில்லை.

சேகரிப்பவர்களிடையே நெடுங்காலமாக ஒரு வாதம் இருக்கிறது. 1930களில் ஜேர்மனியின் எலாஸ்டோலின் என்ற பெயரில் ஹிட்லரினதும் அவரது தளபதிகளினதும் உருவங்கள் கூடச் சிறுவர் பொம்மைகளாக விற்பனையாகின. இன்று அதை வைத்திருப்பவர் “இது வரலாறு” என்கிறார். அந்த ஆட்சியில் குடும்பத்தை இழந்தவர் “இது எங்கள் இரத்தம்” என்கிறார். ஜேர்மனியச் சட்டம் நாஜிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தடுக்கிறது. ஆய்வு, கல்வி, கலை போன்ற நோக்கங்களுக்கு விலக்கு அளிக்கிறது. 2000 நவம்பரில் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று, யாஹூவின் ஏலப் பகுதியிலிருந்த நாஜிப் பொருட்களைப் பிரான்ஸ் மக்கள் பார்க்க முடியாதவாறு தடுக்கும்படி உத்தரவிட்டது. அமெரிக்காவில் எமக்குப் பேச்சுச் சுதந்திரம் உண்டு என்று வாதாடிய அதே நிறுவனம், 2001 ஜனவரியில் அப்பொருட்களைத் தானாகவே ஏலத்திலிருந்து நீக்கியது. சட்டத்தில் வெல்வது வேறு, வாடிக்கையாளரைக் காப்பது வேறு என்பது அதற்குப் புரிந்திருக்க வேண்டும்.

அயல்நாட்டில், 2006 ஆகஸ்டில் நவி மும்பையில் ஒருவர் ஹிட்லரின் பெயரில் உணவகம் திறந்தார். மனதில் நிற்கும் பெயர் என்று நினைத்து வைத்தாராம். யூத சமூகத்தினர் எதிர்ப்புத் தெரிவிக்க, சில நாட்களிலேயே பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. பலகைக்கும் விளம்பரத்துக்கும் செலவழித்த பணம் வீண்.

நமக்கும் இது புதிதல்ல. 1997 இல் நைக்கி நிறுவனத்தின் சப்பாத்தில் இருந்த எழுத்து வடிவம் ‘அல்லாஹ்’ என்ற சொல்லை ஒத்திருந்ததால் முஸ்லிம்கள் ஆட்சேபித்தனர். நிறுவனம் மன்னிப்புக் கோரி ஆயிரக்கணக்கான சோடிகளைத் திருப்பி எடுத்தது. அன்று நாம் “மற்றவர் மனதை மதிக்கத் தெரியாதா?” என்று கேட்டோம். நியாயமான கேள்விதான். ஆனால் 2019 மே மாதத்தில் ஹசலக்கவில் நமது பெண்மணி ஒருவர் அணிந்திருந்த ஆடையிலிருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைத் தர்மச் சக்கரம் என்று கூறிக் கைது செய்தார்களே! இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் விளக்கமறியலில் இருந்தார். அந்தத் துணி எங்கோ ஒரு கடையில் வெறும் பூப்போட்ட சீலையைப் போலத்தான் விலைப்பட்டிருக்கும். ஆகவே மனம் புண்படுகிறது என்ற முறைப்பாடு எல்லா நேரமும் நியாயமாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். முறைப்பாட்டுக்குப் பின்னால் உண்மையான காயம் இருக்கிறதா, வெறும் பகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பகையாக இருந்தாலும் வியாபாரமாகிவிடும் என்பதற்குத் திப்பு சுல்தானின் புலி சாட்சி. ஐரோப்பியச் சிப்பாய் ஒருவனை மல்லாத்திக் கடிக்கும் மரப்புலி அது. ஏறத்தாழ ஆறடி நீளம். கைபிடியைச் சுற்றினால் புலி உறுமும், அகப்பட்டவன் கையசைத்து ஓலமிடுவான். உலகிலேயே பெரிய பொம்மைச் சிப்பாய்களில் ஒன்று என்று அதைச் சொல்லலாம்; ஆங்கிலேயரைச் சீண்டவென்றே செய்யப்பட்டது. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து சுல்தான் ஷஹீதான பின்னர் அதை லண்டனுக்குக் கொண்டு போனார்கள். 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் காட்சிக்கு வைத்தது. எந்த இனத்தை அவமதிக்கச் செய்யப்பட்டதோ அந்த இனமே வரிசையில் நின்று பார்த்து இரசித்தது. இன்று அது விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் இருக்கிறது. இதை எண்ணும்போது ஒன்று தெளிவாகிறது: வென்றவனுக்கு அந்தப் பொம்மை வேடிக்கை. தோற்றவன் வீட்டில் அதே பொம்மையை வைத்தால் வேடிக்கையாகுமா?

இனி வேலணைக்கு வருவோம். 1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கியபோது ஊரை விட்டு ஓடியவர்களும், அக்காலத்தில் பிள்ளைகளைத் தொலைத்தவர்களும் அங்கே இன்னும் இருக்கிறார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து நம்மைப் புலிகள் வெளியேற்றினர். வாசலில் துப்பாக்கியோடு நின்ற உருவம் நம்மவர் கண்ணிலிருந்தும் போகவில்லை. 1992 ஆகஸ்ட் 8 இல் இதே தீவின் அராலித்துறையில் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட படை அதிகாரிகள் குண்டுவெடிப்பில் பலியானார்கள். தெற்கிலிருந்து வரும் பஸ்ஸில் இருப்பவர்களுக்குச் சிப்பாய் என்றால் அந்த நினைவு. ஒரே பச்சைப் பொம்மை, மூன்று மனம். பஸ் போய்விடும். அயல்வீடு எங்கும் போகாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு 40 பொதிகளை ஒன்று 300 ரூபாவுக்கு எடுத்து 375 ரூபாவுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். முழுவதும் விற்றால் இலாபம் 3,000 ரூபா. முப்பது விற்று பத்து தங்கிவிட்டால், கிடைத்த இலாபம் 2,250, தங்கிய முதல் 3,000. அதாவது கையிலிருந்து 750 ரூபா போகிறது. இதற்குமேல் ஒரு வீடு அரிசி, சீனி, தேயிலை வாங்குவதை நிறுத்தினால் அது ஆண்டு முழுவதும் தொடரும் நட்டம். கொப்பியில் எழுதப்படாத நட்டம்.

மற்றொன்றும் உண்டு. சிப்பாய் பொதி எடுக்கும் கையோடு குண்டு பாயும் விளையாட்டுத் துப்பாக்கியையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2015 நோன்புப் பெருநாளில் ஆப்கானிஸ்தானில் இவ்வகைத் துப்பாக்கிகளால் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், காயமடைந்தனர். பலருக்குக் கண்ணில் காயம். அரசு உடனே அவற்றைத் தடை செய்தது. எந்த ஊரிலும் அதை வாங்கி அடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

சகோதரரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: சட்டப்படி தம்பி எந்தப் பிழையும் செய்யவில்லை. கொழும்பிலோ கண்டியிலோ என்றால் தாராளமாக விற்கலாம். அந்த வீதியில் வேண்டாம். இனி புதுச் சரக்கை மொத்தமாக எடுக்காமல், ஒரு பொதியை மட்டும் எடுத்து வந்து அயலவர் நாலு பேருக்குக் காட்டிய பின்னர் தீர்மானியுங்கள். திருப்பி எடுப்பீர்களா என்று மொத்த வியாபாரியிடம் காசு கொடுக்க முன்னரே கேளுங்கள்.

பெருநாள் கழிந்து மீண்டும் பேசினார். மிஞ்சிய பொதிகளை யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றுக்கு முதல் விலைக்கே தள்ளிவிட்டாராம். கொளுவியில் இப்போது பந்தும் பட்டமும் தொங்குகின்றன. அம்மா வந்தாரா என்று கேட்டேன். சாமான் வாங்க மகளை அனுப்புகிறாராம். தான் இன்னும் வரவில்லையாம்.