இடித்த கான்கிரீட் சாலையாகுமா?

பினாங்கு ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய தெரு. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்த பகுதியில் இதுவும் அடங்கும். இங்கே பழைய கடைவீடுகளைப் பழுது பார்க்கும்போதும், தீவின் பிற இடங்களில் கட்டடங்களை இடிக்கும்போதும் செங்கல், சாந்து, கான்கிரீட் துண்டுகள் குவிகின்றன. இத்தகைய கழிவுகள் பல ஆண்டுகளாகக் கடலோர ஜெலுத்தோங் குப்பைமேட்டில் கொட்டப்பட்டன. தீவிலோ நிலம் குறைவு. இவற்றைச் சாலை போடப் பயன்படுத்தலாமா?

சூடில்லாத தார்

சாலைக் கலவையின் எடையில் ஏறக்குறைய 95 விழுக்காடு ஜல்லியும் மணலும்தான். மீதி, அவற்றை ஒட்டவைக்கும் பிட்டுமன். பேச்சுவழக்கில் இதைத் தார் என்கிறோம். வழக்கமான முறையில் இவற்றைச் சுமார் 150 டிகிரி செல்சியசில் கலப்பார்கள்.

குளிர்கலவைக்கு இந்தச் சூடு வேண்டாம். தேங்காய்ப் பாலில் எண்ணெய்த் துளிகள் நீரில் மிதப்பதுபோல, பிட்டுமனை நுண்துளிகளாக நீரில் மிதக்கவிட்டுப் பால்மம் ஆக்குகிறார்கள். இதில் பெரும்பாலும் 60 விழுக்காடு அளவுக்குப் பிட்டுமன் இருக்கும். துளிகளுக்கு நேர் மின்னூட்டம் தரப்படுவதால் அவை ஒன்றையொன்று விலக்கும். எதிர் மின்னூட்டம் கொண்ட கருங்கல்லில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நீர் பிரிந்து வெளியேற, பழுப்புக் கலவை கறுப்பாக மாறும்.

பழைய கல்லின் தாகம்

நொறுக்கிய கான்கிரீட் ஜல்லியில் பழைய சிமெண்டுச் சாந்து ஒட்டியிருக்கும். அதில் நுண்துளைகள் அதிகம். ஆகவே கருங்கல்லைவிட இது பல மடங்கு நீரை உறிஞ்சும். சூடான முறையில் அந்த நீரை உலர்த்தவே எரிபொருள் செலவாகும். குளிர்கலவையில் ஈரமான ஜல்லியையே பயன்படுத்தலாம். ஆனால் அந்தத் துளைகள் பிட்டுமனையும் விழுங்குவதால், பால்மத்தைச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்க வேண்டிவரும்.

எல்லா இடிபாடும் இதற்கு உதவாது. பழைய கடைவீடுகளின் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மென்மையானவை. வாகனப் பாரத்தில் நொறுங்கும். மரத்துண்டு, ஜிப்சம் பலகை ஆகியவற்றையும் முதலிலேயே பிரித்தெடுக்க வேண்டும்.

குளிர்கலவை மெதுவாகவே வலுப்பெறும். நீர் வெளியேறுமுன் பினாங்கில் அடிக்கடி பெய்யும் மழை கொட்டினால் ஒட்டாத பிட்டுமன் கழுவிச் செல்லப்படும். 1 அல்லது 2 விழுக்காடு சிமெண்டு சேர்த்தால், அது நீரை எடுத்துக்கொண்டு கலவையை விரைவில் இறுகச் செய்யும்.

இந்தியச் சாலைப் பேரவை குளிர்கலவைக்கு 2014இலும், சாலைகளில் கட்டுமானக் கழிவைப் பயன்படுத்த 2017இலும் வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. இரண்டையும் இணைப்பது பற்றிப் பல நாடுகளில் ஆய்வு நடக்கிறது. வாகனம் குறைந்த சந்துகள், நடைபாதைகள், குழி அடைப்பு ஆகியவையே இதற்கு ஏற்ற முதல் களங்கள்.

செய்து பாருங்கள்

உலர்ந்த கருங்கல், கான்கிரீட் துண்டு இரண்டையும் தனித்தனியே எடைபோடுங்கள். 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து மீண்டும் எடைபோடுங்கள். 500 கிராம் துண்டு 530 கிராம் ஆனால், நீர் உறிஞ்சல் 30 ÷ 500 × 100 = 6 விழுக்காடு. எந்தக் கல்லுக்குத் தாகம் அதிகம்? எதற்குப் பிட்டுமன் கூடுதலாகத் தேவைப்படும்?