பச்சோந்தி தண்ணீர் குடித்த கதை

பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஆறாம் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர் செருப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள்.

"டீச்சர், பச்சோந்தி! வகுப்புல வளர்க்கலாமா?"

ஓணானாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். எங்கள் கூரத்தில் கழுத்து சிவக்கும் ஓணானையே பலரும் பச்சோந்தி என்பார்கள். திறந்து பார்த்தால் உண்மையான பச்சோந்தி. விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கிபோல் இருந்தன. வால் சுருண்டிருந்தது. ஒரு கண் என்னைப் பார்க்க, மற்றொன்று ஜன்னலைப் பார்த்தது.

சனிக்கிழமை ஏரிக்கரை வேலிகாத்தான் புதரில் பிடித்தார்களாம். இரண்டு நாளும் பெட்டி வெயில்படும் திண்ணையில் இருந்திருக்கிறது. உள்ளே வெட்டுக்கிளிகளும், கொட்டாங்குச்சி நிறையத் தண்ணீரும். "தண்ணியே குடிக்க மாட்டேங்குது டீச்சர்" என்றான் ஒருவன். கண்கள் குழிந்து போயிருந்தன. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமாக இருந்தது. இரண்டுமே உடலில் நீர் குறைந்ததற்கான அடையாளங்கள்.

அவசரத்தில் நானும் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். சொட்டுக்குழாயை எடுத்து வாயைத் திறந்து ஊற்றப் போனேன். விலங்கியல் ஆசிரியையான தோழி போனில் தடுத்தார். வலுக்கட்டாயமாக ஊற்றினால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அவர் சொன்னபடி, நிழலில் இருந்த செம்பருத்திச் செடியில் அதை ஏற்றிவிட்டோம். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் இலைகளின்மேல் மெதுவாகத் தெளித்தோம். முகத்தில் அடிக்கவில்லை. பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இலை நுனியில் தொங்கிய ஒரு துளியை நோக்கி ஒரு கண் திரும்பியது. வாய் திறந்தது. ஒவ்வொரு துளியாக நெடுநேரம் குடித்தது. என் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மரத்திலும் புதரிலுமே வாழும் உயிர் அது. பனித்துளியும் மழைத்துளியும்தான் அதற்குத் தண்ணீர். பாத்திரத்தில் அசையாமல் கிடக்கும் நீர் அதன் கவனத்தில் படுவதில்லை. பச்சோந்தி வளர்க்க அனுமதியுள்ள வெளிநாடுகளிலும் இலைமேல் தெளித்தோ சொட்டவிட்டோதான் நீர் தருகிறார்கள்.

நம் நாட்டில் வளர்க்க முடியாது. இந்தியாவில் வாழும் ஒரே பச்சோந்தி இனம் இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். இதைச் சொன்னதும் பையன்களின் முகம் வாடிவிட்டது. திட்டவில்லை. வனத்துறைக்குப் போன் செய்தேன். காயம் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். மாலையில் அதே புதரில் அவர்களே விட்டார்கள்.

இதற்கிடையில் ஒருத்தி தன் சிவப்புத் துண்டை அதன் அருகில் விரித்துப் பார்த்திருக்கிறாள். பச்சோந்தி சிவப்பாகவில்லை, கருத்துப்போனது. இருக்கும் இடத்தின் நிறத்துக்கெல்லாம் அது மாறுவதில்லை. வெப்பம், வெளிச்சம், பயம், கோபம் ஆகியவையே காரணம் என்று விளக்க நல்ல வாய்ப்பாக அமைந்தது. தோல் செல்களில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுவதை, மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றில் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தார்கள்.

தகவமைப்புப் பாடத்தை மறுநாள் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. சேம்பு, வாழை, வேம்பு, செம்பருத்தி இலைகளில் தண்ணீர் தெளித்து, எதில் துளி உருண்டு நிற்கிறது, எதில் பரவுகிறது என்று குழுவாக எழுதச் சொன்னேன். சேம்பிலையில் முத்து முத்தாக நின்றது. பிறகு ஒரு வாரம், வீட்டு வேலியில் பனி காயும் நேரத்தைக் குறித்துவரச் சொன்னேன். செலவில்லாத செயல்பாடு, பனிக்காலத்தில் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். வெயில்படும் பக்கம் முன்னதாகவும் நிழல் பக்கம் தாமதமாகவும் காய்வதை அட்டவணையே காட்டியது.

அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, துண்டை விரித்த அதே பெண் கேட்டாள்: "சித்திரையில பனியே இருக்காதே டீச்சர், அப்ப அது என்ன குடிக்கும்?"

பூச்சிகளின் உடலில் உள்ள ஈரமும் கோடை மழையும் என்றேன். "மழை பெய்யலன்னா?" என்றாள்.