இரண்டு விரல் நீளக் கருகல்

அன்புள்ள தம்பிக்கு,

பரளச்சி வீட்டு வேலையைப் பற்றி நீ எழுதி, நகலெடுத்து, அருப்புக்கோட்டையில் நம் தொழில்காரர்களிடம் கொடுத்த ஆறு பக்கக் குறிப்பு என் கைக்கும் வந்து சேர்ந்தது. மூன்று தடவை படித்தேன். போனில் கூப்பிட்டே சொல்லியிருக்கலாம். ஆனால் அதைப் படித்த இரண்டு பேர், டெர்மினல் சுடுகிறது என்று கூப்பிட்ட வீடுகளில் எல்லாம் "கேபிள் சைஸ் பத்தாது" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

எந்த வயரை முதலில் கழற்றுவது, பேனலை எப்போது துண்டிப்பது, ஸ்பானருக்கு ஏன் டேப் சுற்றுவது என்பதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

நீ எழுதியபடி நடந்தது இது. ஒரு கிலோவாட் பேனல், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி இரண்டு, 24 வோல்ட் இன்வெர்ட்டர். சாயங்காலம் கரண்டு போன நேரத்தில் மோட்டார் போட்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினால் பாசிட்டிவ் டெர்மினலில் கை வைக்க முடியவில்லை. காலையில் பேனல் சார்ஜ் ஏற்றும்போது சூடே இல்லை. முதல் தடவை போனபோது கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவி மாட்டினாய். மூன்று வாரம் தாங்கியது. மறுபடி போய் நட்டை இறுக்கினாய். பத்து நாள். மூன்றாவது தடவை 16 சதுர மில்லிமீட்டர் கேபிளைத் தூக்கிவிட்டு 25 போட்டாய். சூடு போயே போய்விட்டது. "கேபிள் கனம் போதாததே காரணம்" என்று கடைசிப் பக்கத்தில் அடிக்கோடு போட்டு முடித்திருக்கிறாய்.

அந்த முடிவு தப்பு, தம்பி. தப்பு என்பதற்குச் சாட்சி உன்னுடைய மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது.

பென்சிலில் ஒரு படம் போட்டிருக்கிறாய். சிவப்பு வயரின் உறை, முனையில் மாட்டியிருக்கும் லக்கிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்குப் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது என்றும், அதற்கு மேலே வயர் சாதாரணமாக இருந்தது என்றும், பேட்டரியின் ஈயக் கட்டை அந்த அளவுக்குச் சுடவில்லை என்றும் பக்கத்திலேயே குறித்திருக்கிறாய். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சுட்ட வயரை வெட்டித் தூக்கி எறிந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கருகலை விரல் வைத்து அளந்து, படமாகவும் வரைந்த ஒருத்தனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். டிப்ளமோவில் சொல்லிக்கொடுத்து வருகிற பார்வை இல்லை அது. இப்படி ஒரு கண் உனக்கு வாய்த்திருக்கிறது.

வாய்த்தும் என்ன, வரைந்ததை நீயே திரும்பப் படிக்கவில்லை. கேபிள் கனம் பத்தாமல் போனால் முழு நீளமும் ஒரே சீராகச் சுடும். நீ எழுதியிருப்பதோ இரண்டு விரல் தாண்டினால் சூடில்லை என்று. அப்படியானால் சூடு பிறந்த இடம் லக்கின் கழுத்து. வயரின் கம்பிகள் லக்குக்குள்ளே நுழைந்து பிடிபடுகிற இடம். பேட்டரிக் கட்டைக்கும் லக்குக்கும் நடுவில் எந்தக் கோளாறும் இல்லை. நீ உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததெல்லாம் கோளாறு இல்லாத இடம். பிறகு எப்படி மூன்று வாரம் தாங்கியது? கழற்றி மாட்டும்போது வயரை முறுக்கினாய், இழுத்தாய். உள்ளே தளர்ந்து கிடந்த கம்பிகள் புரண்டு புது இடத்தில் உரசி நின்றன. அவ்வளவுதான். புதுக் கேபிளில் சரியானதும் கனத்தால் இல்லை, அதில் புது லக்கு இருந்ததால்.

கணக்குப் போட்டுப் பார். நீ ஆம்பியர் எழுதவில்லை. மோட்டார், ஃபிரிட்ஜ், மின்விசிறிகள் என்று நீ சொன்ன சுமையைக் கூட்டி, இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 50 ஆம்பியர் என்று வைத்துக்கொள்கிறேன். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 மில்லிஓம். ஒன்றரை மீட்டருக்கு 1.8. ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி இதையும் பெருக்கினால் நாலரை வாட். அதுவும் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கும் பரவிப் போகிறது. கெட்டுப்போன ஒரு லக்கின் கழுத்தில் 10 மில்லிஓம் இருக்கட்டும். அதே 50 ஆம்பியருக்கு 25 வாட். நாம் ஈயம் உருக்குகிற சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைக் கொண்டுபோய் ஒரு சுண்டுவிரல் அளவு இடத்தில் சொருகிவைத்த மாதிரி. காலையில் 20 ஆம்பியர் சார்ஜ் ஏறும்போது அதே இடத்தில் வெறும் 4 வாட், அதனால் கைக்குத் தெரியவில்லை. காலை, மாலை வித்தியாசத்தையும் நீதான் அந்த வீட்டம்மாவிடம் கேட்டு எழுதியிருக்கிறாய்.

இப்போது எனக்கு எரிச்சல் வந்த இடத்துக்கு வருகிறேன். ஆறு பக்கத்தில் "லூஸ் கான்டாக்ட்" என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். எதற்கும் எதற்கும் நடுவில் லூஸ்? ஒரு பாசிட்டிவ் டெர்மினலில் ஈயக் கட்டைக்கும் லக்குக்கும் நடுவில் ஒரு சேர்மானம், லக்குக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சேர்மானம். கேபிளின் அந்தப் பக்கம் இன்வெர்ட்டரிலும் இதே மாதிரி இரண்டு. நாலில் எது என்று சொல்லாமல் லூஸ் கான்டாக்ட் என்று எழுதுவது, வைத்தியர் சீட்டில் "உடம்பு சரியில்லை" என்று எழுதுகிற மாதிரி.

கண்டுபிடிக்க மீட்டர் போதும். இருநூறு, முந்நூறு ரூபாய் மீட்டரிலும் டி.சி. 200 மில்லிவோல்ட் நிலை இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் திருப்புவதே இல்லை. மோட்டாரை ஓடவிடு. ஒரு முனையை ஈயக் கட்டையின் தலையிலேயே குத்து, நட்டில் வைக்காதே. இன்னொரு முனையை லக்கின் தகட்டில் வை. படித்து எழுது. பிறகு ஒரு முனை லக்கின் கழுத்தில், இன்னொன்றை உறைக்குள் குண்டூசி குத்திக் கம்பியில். படித்து எழுது. நல்ல சேர்மானம் என்றால் ஒற்றை இலக்கத்தில் நிற்கும். "1" என்று மட்டும் காட்டி நின்றால் 200-ஐத் தாண்டிவிட்டது, 2000-க்குத் திருப்பு. அந்தப் பரளச்சி லக்கு எப்படியும் 400, 500 காட்டியிருக்கும். ஐந்து நிமிச வேலை. மூன்று தடவை பெட்ரோல் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டாம், அவர்களும் கேபிளுக்குக் காசு கொடுத்திருக்க வேண்டாம். இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். கடைக்கு டீ குடிக்க வருகிறவர்களிடம்கூடச் சொல்கிறேன்.

வாசலினைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேய்த்துச் சுத்தம் செய்து, மாட்டி, இறுக்கிய பிறகு மேலே பூசுவதற்குத்தான் அது. கட்டையில் அப்பிவிட்டு அதன்மேல் லக்கை வைக்காதே. வாஷரும் அப்படித்தான், லக்குக்கு மேலேதான் வர வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிட நாற்பது மடங்கு மின்சாரத்தைத் தடுக்கும். அதைக் கட்டைக்கும் லக்குக்கும் நடுவில் சொருகியிருப்பதை மாதத்துக்கு ஒரு வீட்டிலாவது பார்க்கிறேன்.

எண்பதுகளில் நான் அருப்புக்கோட்டையில் ஒரு பேட்டரி ஷெட்டில் பையனாகச் சேர்ந்தேன். லாரி, டிராக்டர் பேட்டரிகள்தான் வேலை. டி.வி. வந்த புதிதில் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்காக சனிக்கிழமையே ஷெட்டு நிரம்பிவிடும். கரிசல் மண் அப்பிய டயரும் ஆசிட் வாடையும் இன்னும் மூக்கில் இருக்கிறது. எங்கள் மேஸ்திரி லக்குக்குள் ஈயப் பற்றை உருக்கி ஊற்றி வயரைச் சொருகுவார். அந்தப் பற்று 183 டிகிரியிலேயே இளகிவிடும் என்பதால் இன்றைக்கு யாரும் அப்படிச் செய்யக்கூடாது, சரியான அச்சு வைத்துக் கிரிம்ப் பண்ண வேண்டும். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை, நாங்கள் போட்ட லக்குகளில் ஏதாவது ஒன்றை எடுத்து ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுப்பார். உள்ளே ஈயம் இறங்காத ஒரு சந்து தெரிந்தால் அன்றைக்கு யாருக்கும் மத்தியானச் சாப்பாட்டில் மனசு போகாது.

அந்தப் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். 2012-ல் தமிழ்நாடே இருட்டில் கிடந்ததே, நம் பக்கமெல்லாம் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் கரண்டு இல்லாமல், அப்போது ஒரு நாளைக்கு நாலு இன்வெர்ட்டர் மாட்டினேன். கிரிம்பிங் டூல் எடுக்க நேரமில்லை என்று லக்கைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். அடித்த லக்கு பார்வைக்குத் தட்டையாக, அழகாக இருக்கும். உள்ளே காற்று நிற்கும், ஆசிட் ஆவி ஏறும், செம்பு பச்சை பூத்துக் கறுக்கும். சுட்டு ஆறும்போதெல்லாம் இன்னும் தளரும். மறுவருசம் ஒரு வீட்டில் டெர்மினல் சுடுகிறது என்று கூப்பிட்டார்கள். கை வைத்துப் பார்த்தேன், "பேட்டரி போயிருச்சு" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா வற்றல் விற்ற பணத்தில் புதுப் பேட்டரி வாங்கினார்கள். பத்தே நாளில் புதுப் பேட்டரியின் கட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் இளகிவிட்டது. அப்போதுதான் லக்கைப் பார்த்தேன். நான் அடித்த லக்கு. பழைய பேட்டரியைக் கழிவுக்குப் போட்டாகிவிட்டது, திரும்ப வராது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். பேட்டரிப் பணத்தைக் கொடுக்க அன்றைக்கு என்னிடம் இல்லை. உன் குறிப்பைப் படித்து எனக்கு இவ்வளவு கோபம் வந்ததற்கு அந்த வீடுதான் காரணம்.

பக்கத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் வந்தபோது நம் பையன்கள் வேலைக்குப் போனார்கள். அந்த மாதிரி நிலையங்களில் சூடு தெரிகிற கேமரா வைத்துக்கொண்டு சேர்மானங்களைத் தேடிப் போவார்கள். நம்மிடம் கேமரா கிடையாது. உன்னிடம் பென்சில் இருக்கிறது.

பரளச்சியில் கழற்றிய பழைய கேபிளை நீ தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். அந்தக் கருகின லக்கை வைஸில் பிடித்து, நீளவாக்கில் அறு. அவசரப்படாதே, தூள் உள்ளே விழுந்து நிறத்தை மறைத்துவிடும். கம்பிகள் எத்தனை சிவப்பாக இருக்கின்றன, எத்தனை கறுத்திருக்கின்றன, பச்சை எதுவரை ஏறியிருக்கிறது என்று மூன்றாம் பக்கத்தில் போட்டாயே, அதே மாதிரி படம் போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அருப்புக்கோட்டை பேட்டரிக் கடை அண்ணன்