ஒரு பெயர், இரு பொருள்

எம்மூராகிய காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் பெயரால் அமைந்த காலெட்பேட்டையே. ஓரூர்க்கு இரு பெயர் வழங்குதலால் இடரில்லை. இரு பொருட்கு ஒரு பெயர் அமைதலே இடர். லினக்ஸ் கெர்னலின் புதிய பகுதியைப் பழைய கெர்னலிற் பொருத்துவார் இதனை நன்கறிவர். தமிழ் மாணவன் இதிற் கைவைப்பானேன் எனின், வீட்டுப் பழங்கணினியின் வயர்லெஸ் டிரைவர் பொருட்டென்க.

பழையதில் இல்லையென்று நாம் எழுதிச் சேர்க்கும் பங்ஷனின் பெயர் அங்கு முன்னரே இருப்பின், கம்பைலர் மறுக்கும். கெர்னல் வெளியிட்ட பெயரையே மாட்யூலும் வெளியிடுமாயின், கெர்னல் அதனை ஏற்றிக்கொள்ளாது. பதிப்பெண்ணை நோக்கித் துணியலாமோ எனின், அதுவும் நம்பத்தக்கதன்று. 2014-இல் வெளிவந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இன் கெர்னல் எண் 3.10; ஆயினும் பிற்காலப் பகுதிகள் பல அதனுட் புகுத்தப்பெற்றன.

சங்கப் புலவருட் கபிலரும் தொல்கபிலரும் அடைமொழியால் வேறறியப்படுவர். லினக்ஸ் பேக்போர்ட்ஸ் திட்டத்தாரும் அவ்வாறே தாம் சேர்ப்பனவற்றிற்குப் ‘பேக்போர்ட்’ என்னும் முன்னொட்டை அமைத்தனர். மேக்ரோ என்னும் பதிலீட்டு வரியே பெயரை மாற்றிவிடுதலால், டிரைவரின் மூலத்தைத் தொடவேண்டுவதில்லை. ஆனால், பழைய ஹெட்டர் கோப்பைச் சேர்த்த பின்னரே அவ்வரியை எழுதல் வேண்டும். முன்னர் எழுதின், பழைய அறிவிப்பும் அப்புதுப்பெயரே பெற்றுப் பிணக்கு மீளும். இவ்வரிசை பிறழ எழுதி யான் ஓரிரவு முழுதும் விழித்திருந்தேன்.