ஃப்ளெக்ஸ் மெஷினுக்கு எந்த ரிப் சாஃப்ட்வேர்? வாங்கும் முன் ஒரு பாடம்

கம்ப்யூட்டர் வாங்கி, கோரல் ட்ராவும் போட்டோஷாப்பும் ஓரளவு பழகியவர்களுக்கு அடுத்து வரும் எண்ணம், பெரிய ப்ரிண்டர் ஒன்று வாங்கித் தொழில் தொடங்கலாமா என்பதுதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பல வந்துவிட்டன. எச்சரிக்கை போர்டு, தரையில் ஒட்டும் ஸ்டிக்கர், மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்திற்கும் ஆயுத பூஜைக்கும் பேனர் என எல்லா இடத்திலும் அச்சு வேலை இருக்கிறது.

மெஷினைப் பற்றிப் பத்து பேரிடம் விசாரிப்பவர்கள், அதை இயக்கும் சாஃப்ட்வேரைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஆனால் ஃப்ளெக்ஸும் இங்க்கும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இங்கு பார்ப்போம்.

ரிப் என்றால் என்ன?

ராஸ்டர் இமேஜ் ப்ராசஸர் என்பதன் சுருக்கமே ரிப். ப்ரிண்டருக்கு எழுத்தோ, வட்டமோ, படமோ தெரியாது. எந்த இடத்தில் எந்த நிற இங்க்கில் புள்ளி வைக்க வேண்டும் என்பது மட்டுமே தெரியும். நீங்கள் தரும் பிடிஎப் அல்லது டிஃப் பைலைப் படித்து, நிறங்களை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று பிரித்து, புள்ளிகளாக மாற்றி மெஷினுக்கு அனுப்புவது ரிப்பின் வேலை.

வீட்டில் உள்ள ஏ4 ப்ரிண்டருக்கு இது தேவையில்லை. அதனுடன் வரும் டிரைவரே இந்த வேலையைச் செய்துவிடும். கட்டட வரைபடம் மட்டும் எடுக்கும் ப்ளாட்டருக்கும் பெரும்பாலும் டிரைவரே போதும். ஃப்ளெக்ஸ், வினைல் அச்சிடும் மெஷினுக்குத்தான் ரிப் அவசியம்.

பைல் எவ்வளவு பெரியது?

10 அடிக்கு 6 அடி பேனர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதாவது 120 அங்குலத்திற்கு 72 அங்குலம். 72 டிபிஐ என்றால் 8,640 x 5,184 பிக்ஸல்கள். நான்கு நிறத்திற்கு ஒரு பிக்ஸலுக்கு 4 பைட். மொத்தம் சுமார் 179 எம்பி. இதையே 300 டிபிஐ வைத்தால் 3.1 ஜிபி ஆகிவிடும். 20 அடி தூரத்தில் நின்று பார்க்கும் பேனருக்கு 72 டிபிஐ போதும். கையெட்டும் தூரத்தில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு 150 டிபிஐ வைக்கலாம். தேவைக்கு மேல் கூட்டினால் ரிப் ஆகும் நேரம்தான் கூடும்.

இன்னொரு குறிப்பு: ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது.

பணத்தை மிச்சப்படுத்தும் வசதிகள்

முதலாவது நெஸ்டிங். 3 அடிக்கு 2 அடி அளவில் ஆறு போர்டுகள் வேண்டும். உங்கள் ரோல் 10 அடி அகலம். ஒவ்வொன்றாக அச்சிட்டால் 12 அடி நீளம் ஓடும். 120 சதுர அடி செலவாகும். வரிசைக்கு மூன்றாக அடுக்கினால் 4 அடி நீளத்தில் முடிந்துவிடும். 40 சதுர அடிதான். மீதமாவது 80 சதுர அடி. இந்த அடுக்கும் வேலையை நல்ல ரிப் தானாகவே செய்யும்.

இரண்டாவது டைலிங். 20 அடி அகல போர்டை 10 அடி மெஷினில் எடுக்க, படத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒட்டுவதற்கு ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு அச்சிடும் வசதி இது.

மூன்றாவது கலர் ப்ரொஃபைல். ஒரே இங்க் ஃப்ளெக்ஸில் ஒரு மாதிரியும் வினைலில் வேறு மாதிரியும் தெரியும். இந்த மெஷின், இந்த இங்க், இந்த மீடியா என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி ஐசிசி ப்ரொஃபைல் தேவை. பாதுகாப்பு போர்டில் சிவப்பு தடையையும், மஞ்சள் எச்சரிக்கையையும், நீலம் கட்டாயத்தையும், பச்சை பாதுகாப்பான வழியையும் குறிக்கின்றன. மஞ்சள் பச்சையாகத் தெரிந்தால் அந்த போர்டை எடுத்த காசு போவது மட்டுமல்ல, அதைப் பார்த்து நடப்பவரும் தவறாகப் புரிந்துகொள்வார்.

எதை வாங்குவது?

முதலில் மெஷினுடன் என்ன வருகிறது என்று பாருங்கள். ரோலண்ட் மெஷினுக்கு வெர்சாவொர்க்ஸ், மிமாகிக்கு ராஸ்டர்லிங்க், எப்சனின் சைன்போர்டு மெஷின்களுக்கு எப்சன் எட்ஜ் ப்ரிண்ட் என அந்தந்த நிறுவனமே ரிப் தருகிறது. சீன சால்வென்ட் மெஷின்களுடன் மெயின்டாப் அல்லது போட்டோப்ரிண்ட் வருவது வழக்கம். ஒரே மெஷின் வைத்துத் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

ஆனிக்ஸ், கால்டெரா, வாசாச் போன்றவற்றைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். வெவ்வேறு நிறுவன மெஷின்கள் இரண்டு மூன்று வைத்து, எல்லாவற்றிலும் ஒரே நிறம் வர வேண்டும் என்கிறபோது இவை பயன்படும். வாங்குமுன் உங்கள் மெஷினின் மாடல் அதன் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கவும். அது எந்த வகை கம்ப்யூட்டரில் இயங்கும் என்பதையும் கவனிக்கவும்.

தமிழ் சோதனை

இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால் "தொடாதே" என்ற எச்சரிக்கைக்குப் பதில் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யூனிகோட் எழுத்துரு என்றாலும், எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாத பழைய சாஃப்ட்வேரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பல மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் இந்தப் பகுதியில் இந்தி, ஒடியா போர்டுகளும் வரும். நமக்கு அந்த மொழி தெரியாததால் தவறு கண்ணில் படாமலே போர்டு சுவரில் ஏறிவிடும்.

வழி எளிது. பைலை அனுப்புமுன் எழுத்துகளை வடிவமாக மாற்றிவிடுங்கள். கோரல் ட்ராவில் கண்ட்ரோல் + க்யூ. இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ. பிறகு எழுத்தைத் திருத்த முடியாது என்பதால் மூல பைலின் காப்பி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளவும்.

லைசென்ஸ்

பல ரிப்கள் டாங்கிள் என்ற யுஎஸ்பி சாவி செருகினால்தான் இயங்கும். அது தொலைந்தால் மாற்றுக்கு என்ன விலை என்று முன்பே கேளுங்கள். சில சாஃப்ட்வேர்களுக்கு வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். "கிராக் செய்தது இருக்கிறது, சும்மா போட்டுத் தருகிறேன்" என்று சொல்வார்கள், வேண்டாம். தெரிந்தே திருட்டு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவது 1957ம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். வைரஸ் வந்தாலும் மெஷின் பாதியில் நின்றாலும் கேட்க ஆளிருக்காது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்ட்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14டன் முடிந்துவிட்டதால், ரிப் விண்டோஸ் 11ல் இயங்குமா என்றும் விசாரிக்கவும்.

பணம் கட்டும் முன்

உங்கள் பைல் ஒன்றை பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். அதில் தமிழ் வரிகள், ஒரு முகம், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைக் கட்டங்கள் இருக்கட்டும். ஒரு ஓரத்தில் சரியாக 1 அடி நீளத்திற்கு ஒரு கோடு போடுங்கள். விற்பவரின் மெஷினில், நீங்கள் வாங்கப் போகும் அதே ரிப்பில், அதே மீடியாவில் அச்சிடச் சொல்லுங்கள். அச்சானதும் கோட்டை டேப் வைத்து அளந்து பாருங்கள். ரிப் ஆக எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மாதிரிப் படம் எப்போதும் அழகாகத்தான் வரும். உங்கள் பைல் ஒழுங்காக வந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.